புரட்டாசியில் பனை விதை ஊன்றப் போகிறீர்களா?

ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் தானாக உதிரும். ஒரு பழத்தில் மூன்று கொட்டை வரை இருக்கும். பிய்த்துத் தனித்தனியாக்கி நிழலில் குவித்து வையுங்கள். தூக்கினால் எடையே இல்லாததும், வண்டு துளைத்ததும் வேண்டாம். ஒரே மரத்தடியில் மூட்டை கட்டாமல் பல மரங்களில் பொறுக்குவது நல்லது.

குழி ஒரு அடி ஆழம், குழிக்குக் குழி 10 அடி. தோண்டிய மண்ணில் பாதியைப் பொலபொலவென்று திருப்பிப் போட்டு, அதன்மேல் இரண்டு கொட்டையைப் படுக்கையாக வைத்து மூடுங்கள். கொட்டையை வைக்கும் ஆழத்துக்கு மட்டும் கடப்பாரையால் குத்திப் போட்டுவிட்டுப் போகிற வழக்கம் இருக்கிறதே, பெரும்பாலான விதை வீணாவது அதனால்தான். பனை முளை முதலில் மேலே வராது, கீழே இறங்கும். ஓர் அடிக்கும் மேல் போய், அங்கே கிழங்கு கட்டி, அதிலிருந்துதான் ஓலை ஏறி வரும். அடியில் சரளையோ இறுகிய மண்ணோ இருந்தால் முளை வளைந்து நின்றுவிடும். சின்னப் பையில் வளர்க்கும் கன்றுக்கும் இதே கதிதான். மாதக்கணக்கில் மேலே ஒன்றும் தெரியாது. முளைத்ததா என்று தோண்டிப் பார்த்தால் முளை ஒடிந்துவிடும்.

ஏரிக்கரையில் தண்ணீர்ப் பக்கம் வேண்டாம், இளங்கன்று மூழ்கி அழுகும். கரை உச்சியில் டிராக்டர் ஏறும். வெளிச்சரிவின் மேல்பாதிதான் தோது. கரை பலப்படுத்தும் வேலை வரப்போகிறதா என்று ஊராட்சியிலும் பாசனப் பிரிவிலும் முன்பே கேளுங்கள். இல்லாவிட்டால் ஜேசிபி ஒரே நாளில் வழித்துவிடும்.

தை பிறந்தால் இன்னொரு ஆபத்து. பொங்கலுக்குக் கிழங்கு பிடுங்க வருகிறவர்களுக்கு உங்கள் கன்றும் கிழங்குதான். சண்டை போட்டுப் பயனில்லை. ஊருக்கென்று தனியாக மணல் மேடு கட்டி, கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி மூடிவிட்டால், தையில் அதையே தோண்டிக்கொள்வார்கள்.

கோடையில் புல்லுக்கு வைக்கும் நெருப்பில் ஓலை கருகினாலும் அவசரப்பட்டுக் கைவிடாதீர்கள். குருத்து மண்ணுக்குள் இருப்பதால் பெரும்பாலும் மறுபடி எழும். ஒரு குழியில் இரண்டும் வந்தால் இரண்டாம் ஆண்டில் நலிந்ததை வெட்டிவிடுங்கள், பிடுங்கி நடுவது பலிக்காது.

பாளை விட 12, 15 ஆண்டுகள் ஆகும், வறண்ட நிலத்தில் இன்னும் தள்ளும். அலகுப்பனையா (ஆண்) பருவப்பனையா (பெண்) என்பது அப்போதுதான் தெரியும். ஆண் என்று தெரிந்ததும் வெட்ட நினைப்பவர்கள் உண்டு. பதநீர் இரண்டிலும் இறங்கும். தவிர, பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தாயிற்று.