செப்பு அயன் கலந்த பளிங்கு வளர்த்த கதை

எந்த நிற ஒளியை ஒரு பொருள் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் யூவி-விஸ் மெஷினில் அளப்பது அரை மணித்தியால வேலை, அதில் வைக்கப் பளிங்கு ஒன்று வளர்த்து எடுப்பதற்குள்தான் சீவன் போய்விடும். 2022இல் கண்டியில் ஆய்வு செய்தபோது பட்டதை, இதே வேலையைத் தொடங்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எடுத்துக்கொண்டது ட்ரைகிளைசின் சல்பேற்று. இதே வகைப் பளிங்கான லித்தியம் நயோபேற்று என்றால் 1250 பாகைக்கு உருக்கும் உலை வேண்டும், அதற்கு எங்கே போவது? ட்ரைகிளைசின் சல்பேற்றோ தண்ணீரிலேயே வளரும் ஃபெரோஎலெக்ட்ரிக் பளிங்கு, அதாவது தானாகவே மின்முனைவு (ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் ஏற்றம்) கொண்டது. மூன்று மூல் கிளைசினுக்கு ஒரு மூல் சல்பூரிக்கமிலம், அதோடு கொஞ்சம் செப்பு சல்பேற்று, அவ்வளவுதான். கரைக்கும்போது சூட்டை 60 பாகைக்கு மேல் விடாதீர்கள், கிளைசின் பழுதாகிவிடும்.

அந்த மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு, அதனால் வெப்பநிலையைப் படிப்படியாக இறக்கும் தொட்டியை நம்பிப் பயனில்லை என்று பீக்கரைத் துளைபோட்ட தாளால் மூடித் தானாக ஆவியாக விட்டேன். நம்முடைய மழைக்குளிரில் அது இலேசில் ஆவியாகாது. மெதுவாக வளர்வது பளிங்குக்கு நல்லதுதான், ஆனால் கிளைசின் பூஞ்சணத்துக்கும் சாப்பாடு. பஞ்சு மாதிரி மிதக்கத் தொடங்கியதும் வடிகட்டி, விதைப் பளிங்கை (வளர்ச்சி தொடங்கப் போட்ட சிறு பளிங்கை) துடைத்துத் திரும்பப் போட வேண்டும். செப்புப் போடாத பீக்கரில்தான் முதலில் பிடித்தது. தோட்டத்துக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன், "கொப்புள நோய்க்குத் தேயிலைக்குச் செம்பு மருந்துதானே அடிக்கிறது" என்றார். இரண்டு பீக்கரை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, இருந்தாலும் செம்புதான் பூஞ்சணத்தைத் தடுத்திருக்கலாம் என்று எங்கள் லெப்பில் யாருக்கும் தோன்றவில்லை!

வெட்டுவது சுகம். பிளேடை வைத்து மெல்லத் தட்டினால் பி அச்சுக்கு (பளிங்கின் மூன்று அச்சுகளில் ஒன்று) செங்குத்தாகத் தட்டாகப் பிரியும், மின்முனைவும் அந்த அச்சில்தான். ஈரப் பட்டுத்துணியில் இரண்டு இழுப்பு, உடனே உலர்ந்த துணி, பளபளப்பு வந்துவிடும். வெறுங்கையால் தொட்டால் விரல் ஈரத்திலேயே ரேகை பதியும். உலரட்டும் என்று அவணில் வைக்கவே கூடாது, 49 பாகையைத் தாண்டினால் முனைவு போய்விடும், ஆறியபின் திரும்பி வந்தாலும் பகுதிக்குப் பகுதி எதிர்த்திசையில் நிற்கும்.

அப்புறம் அளவீடு. ஒப்பீட்டுக்குச் செப்பில்லாத தட்டை அதே தடிப்பில் வைத்தால் பளிங்கின் சொந்த உறிஞ்சலும் மேற்பரப்புத் தெறிப்பும் கழிந்துவிடும். மிஞ்சுவது செப்பின் உறிஞ்சல், வரைபடத்தில் சிவப்புப் பக்கம் ஒரே ஓர் அகன்ற மேடு. செப்புக்குப் பதில் குரோமியம் என்றால் இரண்டு மேடு வரும், எர்பியம் என்றால் கூரான கோடுகள், ஒளியை உறிஞ்சும் அதன் 4எஃப் இலத்திரன்கள் வெளி இலத்திரன் ஓடுகளுக்குள் ஒளிந்திருப்பதால் அயல் அணுக்களின் தொந்தரவு குறைவு. செப்பின் 3டி இலத்திரன்களுக்கு அந்த மறைப்புக் கிடையாது, சுற்றியுள்ள கிளைசின் அதிர்வதெல்லாம் அந்த மேட்டை அகலமாக்கிவிடும். பளிங்குக்குள் புகும் செப்பும் கரைசலில் போட்டதைவிட மிகக் குறைவு, ஆகவே தட்டைத் தடிப்பாகவே வெட்டுங்கள், மெல்லியதாகச் சீவினால் மேடு இரைச்சலில் தொலைந்துவிடும்.