ரிட்டுக்ஸிமாப்: முதல் நாள் ஆறு மணி நேரம்

முதலில் கழுத்தில் சாதாரணமாக நெறி கட்டியது போலத்தான் இருந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. மூன்று மாதமாகியும் கரையவில்லை என்றதும் சதை எடுத்துப் பார்த்தார்கள். ஃபாலிக்குலர் லிம்ஃபோமா என்று வந்தது, நிணநீர் மண்டலத்தில் வரும் ஒரு புற்றுநோய். மெதுவாக வளரும் வகை, இப்போதைக்குக் கீமோ வேண்டாம், ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தை மட்டும் வாரம் ஒன்றாக நான்கு முறை நரம்பில் ஏற்றலாம் என்றார் டாக்டர். நான்கும் முடிந்து ஏழு மாதமாகிறது. முதல் முறை போகிறவர்களுக்கு அந்த முதல் நாளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். எடுக்கச் சொன்ன ரத்தப் பரிசோதனைகளில் டாக்டர் விடாமல் கேட்டது ஹெபடைடிஸ் பி முடிவைத்தான். எப்போதோ வந்து போன அந்தக் கிருமி கல்லீரலில் சத்தமில்லாமல் படுத்திருந்தால், இந்த மருந்து அதைத் தட்டி எழுப்பிவிடுமாம். உயிருக்கே ஆபத்தாகலாம். முடிவு கைக்கு வராமல் தேதி தர மாட்டேன் என்றுவிட்டார். ஒரு வாரம் தள்ளிப்போனதில் அன்றைக்கு எனக்குக் கோபம். அவர் செய்ததுதான் சரி. உங்களுக்கு இந்தப் பரிசோதனை எடுத்தார்களா என்று நீங்களே ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

மருந்தைப் பற்றி நான் புரிந்துகொண்டது இது. 1997-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புற்றுநோய்க்கென அங்கே அனுமதி கிடைத்த முதல் மோனோகுளோனல் ஆன்டிபாடி, அதாவது ஒரே ஒரு இலக்கில் மட்டும் ஒட்டும்படி ஆய்வகத்தில் உருவாக்கிய எதிர்ப்புப் புரதம், இதுதான். என் புற்றுநோய் பிடித்திருப்பது பி செல் என்கிற வெள்ளை அணுக்களை. அவற்றின் மேல் சிடி20 என்று ஒரு புரதம் இருக்கிறது. மருந்து அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய அணுவை நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே அழிக்கிறது. கெட்டதோடு நல்ல பி செல்களும் போய்விடும்தான். ஆனால் எலும்பு மஜ்ஜையில் இருக்கும் தாய் செல்லில் இந்தப் புரதம் கிடையாது, அதனால் சில மாதங்களில் புதியவை உருவாகி வரும். இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு ராத்திரி தூக்கம் வந்தது.

அளவு ஆளுக்கு ஆள் மாறும். உயரத்தையும் எடையையும் வைத்து உடல் பரப்பைக் கணக்கிட்டு, சதுர மீட்டருக்கு 375 மில்லிகிராம். எனக்கு 1.6 சதுர மீட்டர், ஆக 600 மில்லிகிராம். பிரஷர் மாத்திரையை அன்று காலை போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், ஏற்றும்போது பிரஷர் இறங்கக்கூடும் என்பதால்.

காலையில் பாராசிட்டமால், அலர்ஜிக்கு ஒரு ஊசி, ஸ்டீராய்டு ஒன்று. அரை மணி கழித்து, பத்து மணிக்கு மருந்து ஆரம்பித்தது. தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. சிஸ்டர் பையைக் குலுக்காமல் மெல்லத் தலைகீழாகச் சாய்த்துக் கலந்தார், குலுக்கினால் நுரைத்துவிடுமாம். பம்ப்பில் மணிக்கு 50 மில்லிகிராம் என்று வைத்தார். அரை மணிக்கு ஒருமுறை வந்து பிரஷர், நாடி, காய்ச்சல் பார்த்துவிட்டு 50 கூட்டுவார்.

ஏறக்குறைய ஐம்பதாவது நிமிடம் தொண்டைக்குள் லேசாக அரித்தது. ஏசி காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன். சிஸ்டர் பக்கத்துப் படுக்கையில் ஒருவருக்கு நரம்பு கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்தார், இதற்குப் போய் அவரைக் கூப்பிடுவானேன் என்று பேசாமல் இருந்துவிட்டேன். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள். பதினோரு மணிக்கு வந்து வேகத்தை 150 ஆக்கினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, முதுகுத்தண்டில் ஒரு குளிர் ஏறியது. அப்புறம் பல் கிட்டித்து அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. நான் பிடித்திருந்த கட்டில் கம்பி கடகடவென்று ஆடியது. "அக்காவுக்கு என்னமோ பண்ணுது" என்று தங்கை கத்தியதும் சிஸ்டர் ஓடிவந்து முதலில் பம்ப்பை நிறுத்தினார். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்: ஆக்சிஜன், இன்னொரு ஸ்டீராய்டு, நடுக்கத்துக்கு ஒரு ஊசி, இரண்டு கம்பளி. காய்ச்சல் 102-ஐத் தொட்டது.

முக்கால் மணி நேரத்தில் அடங்கிவிட்டது. இனி இந்த மருந்தே கிடையாது போல என்று நான் அழுதுகொண்டிருந்தேன். டாக்டர் வந்து, முதல் தடவை பாதிப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு விதத்தில் இப்படி வருகிறது, அழிகிற செல்கள் வெளியே விடும் ரசாயனங்கள்தான் முக்கியக் காரணம் என்றார். அடுத்தடுத்த முறை அழிக்கவே செல்கள் குறைவாக இருக்கும், அதனால் இதுவும் குறையும் என்றார். பாதி வேகத்தில், 75-ல் மறுபடி தொடங்கினார்கள். 150-க்கு மேல் அன்று ஏற்றவே இல்லை. முடியும்போது மணி நாலு தாண்டிவிட்டது.

"தொண்டையில அரிச்சப்பவே என்னைக் கூப்பிட்டிருக்கணும்மா. அப்பவே நிறுத்தியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்றார் சிஸ்டர், கையிலிருந்த பிளாஸ்திரியை உரித்தபடி. தொண்டை அரிப்பு, மூக்கடைப்பு, தடிப்பு, நெஞ்சு இறுக்கம், திடீர்க் குளிர், தலைச்சுற்றல், எதுவானாலும் அந்த நிமிடமே சொல்ல வேண்டுமாம்.

இரண்டாம் வாரமும் 50-லிருந்தே தொடங்கினார்கள். ஒன்றும் ஆகவில்லை, மூன்றே கால் மணி நேரத்தில் முடிந்தது. அதன் பிறகு 100-ல் தொடங்கி அரை மணிக்கு 100 கூட்டினார்கள். இரண்டே கால் மணி நேரம்தான், பாதி நேரம் தூங்கினேன்.

ஒரு குறை மட்டும் எனக்கு உண்டு. செலுத்த வேண்டிய தடுப்பூசிகளை மருந்துக்கு நாலு வாரம் முன்னாலேயே போட்டுக்கொள்வது நல்லது என்று யாரும் சொல்லவில்லை. பி செல் இல்லாத உடம்பில் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசியோ அறவே கூடாது. நிமோனியா ஊசிக்காக நான் இன்னும் காத்திருக்கிறேன். காய்ச்சல் 100.4-ஐத் தாண்டினால் உடனே கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள், தெர்மாமீட்டர் தலையணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கழுத்து நெறியைக் குளிக்கும்போது தினமும் தொட்டுப் பார்ப்பேன். மூன்றாம் மாதத்திலிருந்து விரலுக்கு அது தட்டுப்படவில்லை.