உள்ளே போங்க, இடம் இருக்கு

கேட்டில் நின்ற ஊழியர் மைக்கில் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. விமானம் மாறியிருக்கிறது, போர்டிங் பாஸில் உள்ள இருக்கை எண் இனி செல்லாது, உள்ளே போய்க் காலியான இடத்தில் உட்காரலாம். மீதியைப் பக்கத்து கேட்டின் அறிவிப்பு விழுங்கிவிட்டது.

"என்னப்பா சொல்றாங்க?" என்றார் அம்மா.

"சீட் நம்பர் கிடையாதாம்மா. நாமளே பார்த்து உட்கார்ந்துக்கணுமாம்."

அம்மாவுக்கு வலது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. காலை மடக்கியே வைத்திருந்தால் அரை மணி நேரத்தில் வலி பிடித்துக்கொள்ளும். அதனால்தான் டிக்கெட் எடுத்த அன்றே 9சி இருக்கையைத் தேர்ந்தெடுத்திருந்தேன். மூன்று மூன்றாக இருக்கைகள் உள்ள விமானத்தில் சி, டி இரண்டுமே நடைபாதை ஓரம்தான். ஆனால் சி-யில் உட்கார்ந்தால் நடைபாதை வலக்கைப் பக்கம் வரும்; வலது காலைக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொள்ளலாம். டி-யில் அது முடியாது. அவ்வளவு யோசித்து எடுத்த இடம் ஒரே அறிவிப்பில் இல்லாமல் போனது.

விமானம் மாறியதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஒன்றில் கோளாறு என்றால் இன்னொன்றைக் கொண்டுவந்துதான் ஆக வேண்டும். அதன் இருக்கை அமைப்பு வேறாக இருந்தால் பழைய எண்கள் பொருந்தாது. எல்லாருக்கும் புது எண் போட்டுக்கொடுக்க நேரமில்லாதபோது, பிடித்த இடத்தில் உட்காருங்கள் என்று விடுவதுதான் வேகமான வழி. என் வருத்தமெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றித்தான்.

அம்மாவை முதலில் ஏற்ற முடியுமா என்று கேட்க நான் முன்னால் போவதற்குள் வரிசை நகர ஆரம்பித்துவிட்டது. நாங்கள் நடுவில் மாட்டிக்கொண்டோம். விமானத்தின் வாசலில் நின்ற பணிப்பெண் ஒவ்வொருவரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "உள்ளே போங்க, பின்னாடி இடம் இருக்கு." நம்பிப் போனோம். வரிசைக்கு வரிசை ஜன்னலோரமும் நடைபாதை ஓரமும் நிறைந்திருந்தன, நடு இருக்கை மட்டும் காலி. சில இருக்கைகளில் கைப்பை இருந்தது. கேட்டால் "ஆள் வராங்க" என்றார்கள். எங்களுக்கு முன்னால் போனவர்கள் ஒவ்வொரு வரிசையிலும் நின்று, இருபக்கமும் எட்டிப் பார்த்து, யோசித்து, அடுத்த அடி வைத்தார்கள். 20ஆம் வரிசையைத் தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு தம்பதி எதிரே வந்தார்கள். "பின்னாடி ஃபுல்லுங்க, முன்னாடியே எங்கேயாவது பாருங்க." அதே நேரத்தில் மேலே ஒலிபெருக்கியில் வந்தது: "விமானம் நிறைந்துவிட்டது, கிடைக்கும் இருக்கையில் உடனடியாக உட்காரவும்."

கிடைத்தது அம்மாவுக்கு 22இ, எனக்கு 25பி. இரண்டுமே நடு இருக்கை. இரண்டரை மணி நேரப் பயணம். அம்மா பரவாயில்லப்பா என்றுதான் சொன்னார். ஆனால் நான் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

இறங்கப் போகும் நேரத்தில் தண்ணீர் கேட்க முன்னால் போனேன். 6சி காலியாக இருந்தது. யாரோ குடும்பத்தோடு சேர்ந்து உட்காரப் பின்னால் போயிருந்தாராம். விமானம் கிளம்பியதிலிருந்தே அப்படித்தான் இருந்ததாம். அதற்குள் சீட் பெல்ட் விளக்கு எரிந்துவிட்டது.

அம்மாவுக்குத் தேவைப்பட்ட அதே இருக்கை, அதே பக்கம், பயணம் முழுக்க யாருக்கும் பயன்படாமல் இருந்திருக்கிறது. அன்று இரவு தூங்குவதற்கு முன் நான் கேட்ட மூன்று அறிவிப்புகளையும் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் ஒரு எண்கூட இல்லை. எத்தனை பேர், எத்தனை இருக்கை, எந்த வரிசை, எந்த ஓரம், எதுவுமே இல்லை.

இத்தனைக்கும் கணக்கு ரொம்ப எளிது. ஒரே வகுப்பாக 180 இருக்கைகள் போட்ட ஏர்பஸ் ஏ320 விமானத்தை எடுத்துக்கொள்வோம். 30 வரிசை, வரிசைக்கு ஆறு. ஜன்னல் 60, நடைபாதை ஓரம் 60, நடு இருக்கை 60. ஏறப்போவது 150 பேர் என்றால், ஓர இருக்கைகள் 120 போக 30 பேருக்கு நடு இருக்கைதான். யாரும் யாருக்காகவும் இடம் பிடிக்கவில்லை என்றால் 121ஆவது ஆள் ஏறும்போதே ஓரமெல்லாம் தீர்ந்திருக்கும். இதைக் கேட்டிலேயே சொல்லிவிடலாம்: "இன்று 150 பேர் பயணம் செய்கிறோம், 180 இருக்கைகள் உள்ளன. கடைசியாக ஏறும் 30 பேருக்கு நடு இருக்கைதான் கிடைக்கும்." இது காதில் விழுந்திருந்தால் நான் என்ன பாடுபட்டாவது அம்மாவை முதலில் ஏற்றியிருப்பேன். வரிசையின் கடைசியில் நிற்கிறவரும், இல்லாத ஜன்னலைத் தேடிக்கொண்டு விமானத்தின் வால் வரைக்கும் போக மாட்டார்.

"விமானம் நிறைந்துவிட்டது" என்பதை வைத்துக்கொண்டு ஒரு பயணியால் எதையும் முடிவு செய்ய முடியாது. "15ஆம் வரிசைக்கு முன்னால் நடு இருக்கை மட்டும்தான் மீதி" என்றால் முடியும். முன்னால் உட்கார்ந்து சீக்கிரம் இறங்க வேண்டியவர் நடு இருக்கையானாலும் சரி என்று அங்கேயே உட்கார்ந்துவிடுவார். கால் நீட்ட வேண்டியவர் நேராகப் பின்னால் போவார். நடைபாதை தானாகக் காலியாகும்.

நடைபாதை காலியாவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஜேசன் ஸ்டெஃபன் என்ற வானியற்பியலாளர் 2008இல் பயணிகளை எந்த ஒழுங்கில் ஏற்றினால் நேரம் குறையும் என்று கணினியில் ஆராய்ந்தார். பின்னர் 12 வரிசைகள் கொண்ட ஒரு மாதிரி விமான அறையில் 72 பேரை ஏற்றிச் சோதித்துப் பார்த்தார்கள். பல வரிசைகளை ஒரு தொகுதியாகச் சேர்த்து அழைக்கும் வழக்கமான முறைக்கு 6 நிமிடம் 54 நொடி ஆனது. எந்த ஒழுங்கும் இல்லாமல் ஏறியபோது 4 நிமிடம் 44 நொடி. ஆட்களைப் பரவலாக அனுப்பும் ஸ்டெஃபனின் முறையில் 3 நிமிடம் 36 நொடி. காரணம் இதுதான்: ஒரே இடத்தில் எல்லாரையும் குவித்தால் ஒருவர் பெட்டியை மேலே வைத்து முடிக்கும்வரை மற்றவர்கள் நிற்க வேண்டும். ஆட்கள் பரவி நின்றால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பெட்டியை வைத்துவிடலாம். அந்தச் சோதனையில் எல்லாருக்கும் தன் இருக்கை எதுவென்று தெரியும். எண் இல்லாத விமானத்திலோ ஒவ்வொருவரும் நடைபாதையில் நின்றபடியேதான் முடிவெடுக்க வேண்டும். அவர்களிடம் "பின்னாடி போங்க" என்று ஒரே திசையைக் காட்டினால், குவிந்து நிற்பதற்கு நாமே வழி செய்ததாகிவிடும்.

இருக்கை எண் இல்லாமல் பறப்பது ஏதோ அபூர்வமான விஷயம் அல்ல. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் 1971இல் தொடங்கியதிலிருந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாக அப்படித்தான் பறந்தது. 2007இல் யாருக்குப் பின் யார் ஏறுவது என்பதற்கு மட்டும் எண் கொடுத்தது. 2026 ஜனவரியில்தான் இருக்கை எண்ணுக்கு மாறியது. ஐரோப்பிய நிறுவனங்களான ஈஸிஜெட் 2012இலும் ரயன்ஏர் 2014இலும் மாறின. இப்போது எண் இல்லாத பயணம் பெரும்பாலும் எங்களுக்கு நேர்ந்ததுபோல, கடைசி நேர மாற்றத்தில்தான் வருகிறது. அதனாலேயே அறிவிப்பு இன்னும் தெளிவாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பழக்கமில்லாத பயணிகள், பழக்கமில்லாத ஊழியர்கள், இரண்டு பக்கமும் அவசரம்.

சொல்லும் விதத்திலும் ஒரு சிக்கல் உண்டு. "இடதுபக்கம் ஜன்னல் இருக்கு" என்று அறிவித்தால் யாருடைய இடது? விமானத்துக்கு இடது வலது என்பது மூக்கைப் பார்த்து நின்றால் வருவது. ஏ, பி, சி அந்த இடதுபக்கம். ஆனால் முன்வாசலில் ஏறி வால் பக்கம் நடக்கிற பயணிக்கு அது வலக்கைப் பக்கம். இடது, வலது என்பதை விட்டுவிட்டு ஏ பக்கம், எஃப் பக்கம் என்று எழுத்தைச் சொன்னால் குழப்பமே இல்லை. வரிசை எண்கள் தலைக்கு மேல் சின்னதாகத்தான் எழுதியிருக்கும். அம்மா மாதிரி வயதானவர்களுக்குக் கண்ணில் படாது. அதனால் எண்ணோடு ஒரு அடையாளமும் வேண்டும். அவசர வழிப் பலகை எல்லார் கண்ணுக்கும் தெரியும். "அவசர வழியைத் தாண்டி மூன்றாவது வரிசை" என்று சொல்லலாம்.

அவசர வழி வரிசையைப் பற்றியும் தனியாக ஒரு வரி வேண்டும். அங்கே யார் வேண்டுமானாலும் உட்கார முடியாது. தேவைப்பட்டால் கதவைத் திறக்கும் வலுவும், சொல்வதைப் புரிந்துகொள்ளும் மொழியும் வேண்டும். அமெரிக்க விதிப்படி 15 வயதாவது ஆகியிருக்க வேண்டும். இதை முதலிலேயே சொல்லாவிட்டால், கால் வைக்க இடம் தாராளமாக இருக்கிறதே என்று குழந்தையோடு வந்தவர்களும் முதியவர்களும்தான் ஆசையாக அங்கே போய் உட்காருகிறார்கள். அப்புறம் அவர்களை எழுப்பி வேறு இடம் தேட வேண்டியிருக்கிறது. எங்கள் விமானத்திலும் ஒரு பாட்டியை அப்படி எழுப்பினார்கள்.

ஆள் குறைவான விமானங்களில் வேறொரு கஷ்டம் வரும். எடை முன்னாலோ பின்னாலோ அளவுக்கு மீறிச் சேரக் கூடாது என்பதற்காகச் சில வரிசைகளை மூடி வைப்பார்கள். காரணத்தைச் சொல்லாமல் "இங்கே உட்காராதீங்க" என்றால் யாருக்கும் கோபம் வரும். விமானத்தின் எடைச் சமநிலைக்காக என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும், யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

இதெல்லாம் நடக்கக்கூடியதுதானா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. அடுத்த வருடம் அது தீர்ந்தது. மறுபடியும் அம்மாவோடு ஒரு பயணம், வேறு நிறுவனம், மறுபடியும் கடைசி நேரத்தில் விமானம் மாறியது. கேட்டில் அந்த வார்த்தைகளைக் கேட்டதும் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

இந்த முறை ஒரு பணிப்பெண் வாசலில் நிற்காமல், கேபினின் நடுவில் அவசர வழிக்குப் பக்கத்து வரிசைக்குள் ஒதுங்கி நின்றிருந்தார். கையில் இன்டர்காம். நாங்கள் உள்ளே நுழைந்தபோது அவர் குரல் ஒலிபெருக்கியில் நிதானமாக வந்தது. "மொத்தம் 162 பேர், இதுவரை 104 பேர் ஏறியிருக்கிறார்கள். முன்பாதியில் இனி நடு இருக்கைகள் மட்டும்தான். நடைபாதை இருக்கை வேண்டுமென்றால் என்னைத் தாண்டி வாருங்கள், 21 முதல் 26 வரை இருக்கின்றன. ஜன்னல் வேண்டுமென்றால் ஏ பக்கத்தில் 27, 28. அதற்குப் பின்னால் இடமில்லை, போக வேண்டாம்."

எங்களுக்கு முன்னால் நின்ற இளைஞர் உடனே 8பி-யில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு முன்னால் இருந்தவர் நிற்காமல் பின்னால் போனார். யாரும் வரிசைக்கு வரிசை எட்டிப் பார்க்கவில்லை. நாங்கள் நேராக நடந்து 23சி-க்குப் போனோம். சில நிமிடங்களில் பணிப்பெண் அதே அறிவிப்பைப் புது எண்களோடு மறுபடி சொன்னார். நடைபாதை இருக்கை நான்காகக் குறைந்திருந்தது.

பறக்க ஆரம்பித்த பிறகு அவரிடம் போய், எண்களெல்லாம் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"கேட்ல ஸ்கேன் பண்ணும்போது எத்தனை பேர் ஏறிட்டாங்கன்னு அங்கேயிருந்து சொல்லுவாங்க சார். பின்னாடி நிக்கிறவங்க காலி வரிசையை இன்டர்காம்ல சொல்றாங்க. நடுவுல நின்னா எனக்கே பாதி தெரியும்."

புதிதாக ஒரு கருவியும் இல்லை. எண்ணிக்கை ஏற்கெனவே இருக்கிறது, இன்டர்காமும் ஒலிபெருக்கியும் இருக்கின்றன. ஒருவர் நடுவில் நிற்க வேண்டும், பார்த்ததைச் சொல்ல வேண்டும். காது கேட்காதவர்களுக்காக இதையே வாசலில் ஒரு அட்டையில் எழுதி வைக்கலாமே என்று சொன்னேன். ஏறும் பாலத்தில் நிற்பவர்களுக்கும் ஒலிபெருக்கி கேட்காதே, அவர்களுக்கும் உதவும் என்றார் அவர். தன் பயிற்சியாளரிடம் சொல்வதாகவும் சொன்னார்.

திரும்பி வந்து பார்த்தபோது அம்மா வலது காலை நடைபாதை ஓரமாக நீட்டி, கண்ணை மூடியிருந்தார். தள்ளுவண்டி வரும் சத்தம் கேட்டால் காலை உள்ளே இழுத்துக்கொள்வார். வண்டி போனதும் மறுபடி நீட்டிக்கொள்வார்.