எம்இஐ: ஒரு கோடைக்கால நாட்குறிப்பு

ஜூன் 7, 2025, சனி. டென்டன், டெக்சாஸ்

ஒற்றை இன்ஜின் விமானத்தில் கற்றுக்கொடுப்பதற்கான சிஎஃப்ஐ உரிமம் இருக்கிறது. கமர்ஷியல் உரிமத்தில் இரட்டை இன்ஜின் தகுதியும் சேர்ந்துவிட்டது. அடுத்தது எம்இஐ, அதாவது இரட்டை இன்ஜின் விமானத்தில் பயிற்சி கொடுக்கும் தகுதி. காரணம் காசுதான். விமான நிறுவனத்தில் ஓட்டுவதற்கான ஏடிபி உரிமம் கேட்கும் மணிக்கணக்கில் 50 மணி இரட்டை இன்ஜினில் இருக்க வேண்டும். செமினோல் என்ற இரட்டை இன்ஜின் விமானத்தின் வாடகையோ மணிக்கு 300 டாலரைத் தாண்டுகிறது. சொந்தப் பணத்தில் பறந்து கட்டுப்படியாகாது. கற்றுக்கொடுத்தால் மாணவர் பணத்தில் என் லாக்புக் (பறந்த மணிகளைப் பதியும் புத்தகம்) நிரம்பும்.

இரவு உட்கார்ந்து விதிகளைப் படித்தேன். எழுத்துத் தேர்வு மறுபடியும் கிடையாது. விமானம் சுழன்றபடி விழும் ஸ்பின் நிலைக்கான பயிற்சிக்கு முதல் முறை வாங்கிய கையெழுத்தே போதும். இத்தனை மணி பயிற்சி எடுத்தாக வேண்டும் என்ற கணக்கும் இல்லை; பயிற்றுநர் 'தயார்' என்று கையெழுத்திட்டால் தேர்வுக்குப் போகலாம். எல்லாம் சுலபம் என்று நினைக்கும்போது எஃப்ஏஏவின் (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) 61.183ஆம் விதியில் ஒரு வரி குறுக்கே நிற்கிறது: இரட்டை இன்ஜினில் குறைந்தது 15 மணி நேரம் பைலட்-இன்-கமாண்டாக (பிஐசி, முதன்மை பைலட்) பதிவாகியிருக்க வேண்டும். செலவு முழுவதும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

ஜூன் 14, சனி

நாள் முழுவதும் போன். 'ஒரு வாரத்தில் எம்இஐ' என்று விளம்பரம் செய்யும் ஒரு பள்ளியிடம் விசாரித்தேன். சொன்ன விலையில் தேர்வாளர் கட்டணம் இல்லை, தேர்வு நாளுக்கான விமான வாடகை இல்லை, அந்த 15 மணியும் இல்லை. முன்பணம் மட்டும் திரும்பாது. பிறகு எதற்குத்தான் அந்த விலை என்று கேட்டேன். மேலாளரைக் கூப்பிடச் சொல்வதாகச் சொன்னவர் இன்னும் கூப்பிடவில்லை.

தனியாக வாடகைக்கு எடுத்துப் பறக்கலாம் என்றால் காப்பீடு விடாது. என்னைப் போல் மணிக்கணக்கு குறைந்தவரிடம் இரட்டை இன்ஜின் விமானத்தின் சாவியைத் தனியாகக் கொடுக்கும் இடம் இந்த வட்டாரத்தில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஜூன் 28, சனி

வழி கிடைத்தது. இன்னொரு பைலட்டும் இதே 15 மணிக்காக அலைந்துகொண்டிருக்கிறார். இரட்டை இன்ஜின் தகுதியுள்ள இருவர் சேர்ந்து பறந்தால் ஒரு சிறிய கிளப்பின் காப்பீடு ஒப்புக்கொள்கிறது. நான் முகமறைப்பு மாட்டிக்கொண்டு கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுகிறேன். அவர் பாதுகாப்பு பைலட்டாக வெளியே பார்க்கிறார். ஓட்டுவது நான் என்பதால் லாக்புக்கில் எனக்குப் பிஐசி நேரம். பொறுப்பு பைலட் அவர்தான் என்று புறப்படும் முன்பே பேசிக்கொள்வதால், முகமறைப்பு போட்டிருக்கும் நேரம் அவருக்கும் பிஐசி. வாடகை பாதிப் பாதி. திரும்பி வரும்போது இடம் மாறிக்கொள்கிறோம்.

புறப்பாடும் தரையிறக்கமும் முகமறைப்பு இல்லாமல்தான். எனவே எனக்கு 1.5 என்றால் அவருக்கு 1.2தான் வரும். இதில் பொய் எழுதுகிறவர்கள் உண்டு. கால் மணிக்காக உரிமத்தைப் பணயம் வைக்கும் தைரியம் எனக்கில்லை.

விச்சிட்டா ஃபால்ஸ் போய் வந்தோம். வழியெல்லாம் சமவெளி. முகமறைப்புக்குள் அதுவும் தெரியவில்லை.

ஜூலை 12, சனி

பயிற்சி தொடங்கியது. முதன்முறை சிஎஃப்ஐ ஆகிறவருக்குச் சொல்லிக்கொடுப்பவர் பொதுவாக இரண்டு வருட அனுபவமும் 200 மணிப் பயிற்சிக் கணக்கும் வைத்திருக்க வேண்டும். கூடுதல் தகுதிக்கு அந்த நிபந்தனை இல்லை. ஆகவே போன வருடம்தான் எம்இஐ வாங்கிய ஒருவரைப் பிடித்தேன். கட்டணமும் குறைவு, தேர்வில் என்ன கேட்டார்கள் என்பதும் அவருக்கு மறக்கவில்லை.

பயிற்றுநர் உட்காரும் வலது இருக்கையிலிருந்து ஓட்டுவது இரண்டு நாளில் பழகிவிடும். பேசிக்கொண்டே ஓட்டுவதுதான் பாடு. அவர் ஓர் இன்ஜினின் விசையைக் குறைக்கிறார். மூக்கு இடப்பக்கம் இழுக்கிறது. என் வலது கால் பெடலை அழுத்துகிறது. எந்தக் காலுக்கு வேலை இல்லையோ அந்தப் பக்க இன்ஜின்தான் போயிருக்கிறது என்று வாய் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்து த்ராட்டிலை (விசை நெம்புகோல்) மெல்லப் பின்னிழுத்து உறுதி செய்வதையும் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் நடுவே வேகமானி ஊசி ஒரே இன்ஜினில் நன்றாக ஏறும் வேகமான 88 நாட் நீலக்கோட்டை விட்டு நகரக் கூடாது. என் வாய் திறந்ததும் ஊசி 80க்கு இறங்கிவிட்டது.

ஜூலை 26, சனி

38 டிகிரி வெயில். ஒரே இன்ஜினில் செமினோல் கடல் மட்டத்திலேயே நிமிடத்துக்கு 200 அடிதான் ஏறும், அதுவும் குளிர்ந்த காற்றில். முழு எடையில் ஓர் இன்ஜினின் உச்ச உயரம் சுமார் 3,800 அடி என்கிறது கையேடு. இன்று டென்டன் ஓடுதளத்திலேயே அடர்த்தி உயரம் (வெயிலில் லேசான காற்று எந்த உயரத்துக் காற்றுக்குச் சமமோ அது) 3,500 அடியைத் தொட்டது. அதாவது சக்கரம் தரையில் இருக்கும்போதே உச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். 'இரண்டு இன்ஜின் இருக்கிறதே, பயமில்லை' என்கிறவர்களை ஜூலை மாதம் டெக்சாஸுக்குக் கூட்டி வர வேண்டும்.

விஎம்சி செய்முறையிலும் இதே வெயில் விளையாடுகிறது. ஓர் இன்ஜின் முழு விசையில் இழுக்கும்போது வால் சுக்கானான ரட்டரால் திசையைக் காப்பாற்றக்கூடிய கடைசி வேகம்தான் விஎம்சி. காற்று லேசானால் இன்ஜினின் விசை குறைகிறது, விஎம்சியும் இறங்குகிறது. இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டால் வேகம் இறங்குவதில்லை. இரண்டும் நெருங்கிவிட்டால் ஸ்டால் முந்திக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் விசை இருக்கும்போது ஸ்டால் ஆனால் ஸ்பின்தான். அதனால் பயிற்றுநர் பெடலுக்குப் பின்னால் தன் காலைக் கொடுத்து ரட்டரைப் பாதியில் நிறுத்திவிடுகிறார். பாதுகாப்பான வேகத்திலேயே மூக்கு நழுவுவதை மாணவர் பார்த்துவிடுவார். இந்த ஒரு தந்திரமே கொடுத்த காசுக்கு ஈடாகிவிட்டது.

ஆகஸ்ட் 9, சனி

பயிற்சி முடிந்துவிட்டது, தேர்வாளர்தான் கிடைக்கவில்லை. பல வாரக் காத்திருப்பு. 'ஒரு வாரத்தில்' என்கிற விளம்பரங்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் சறுக்கும். சீக்கிரம் முடிக்க நினைப்பவர்கள் முதல் பயிற்சிக்கு முன்பே தேர்வுத் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். யாரோ ரத்து செய்ததால் எனக்கு அடுத்த சனிக்கிழமை கிடைத்தது.

பாடத் திட்டங்கள் விலைக்கு வருகின்றன. நான் வாங்கவில்லை. எஃப்ஏஏ இலவசமாகத் தரும் பறத்தல் கையேட்டையும் 2024 மே 31 முதல் நடைமுறையில் உள்ள தேர்வுத் தரநிலையையும் வைத்து நானே எழுதினேன். கேள்வி வரும்போது அடுத்தவர் எழுதிய பாடம் நாக்கில் வராது.

ஆகஸ்ட் 16, சனி

வாய்மொழித் தேர்வு மதியம் வரை நீண்டது. செமினோலின் இரண்டு இன்ஜின்களும் எதிரெதிர்த் திசையில் சுழல்வதால் 'கிரிட்டிக்கல் இன்ஜின்' (நின்றால் அதிகச் சிக்கல் தரும் இன்ஜின்) என்று தனியாக ஒன்று இல்லை. தேர்வாளர் விடவில்லை, இரண்டும் ஒரே திசையில் சுழலும் பழைய ட்வின் கோமாஞ்சியை வைத்து விளக்கச் சொன்னார். ஓடுதளத்தில் 28 நாட் எட்டும் முன்பே ஓர் இன்ஜினை நிறுத்தினார். இரண்டு த்ராட்டில்களையும் மூடி, நடுக்கோட்டில் நின்று, ஏன் மூடினேன் என்று அவருக்கே பாடம் எடுத்தேன்.

தேறிவிட்டேன். இந்தத் தேர்வு சிஎஃப்ஐ புதுப்பித்தலுக்கும் கணக்காகிறது. 24 மாதக் கெடு இன்றிலிருந்து தொடங்குகிறது. தனியாகச் செலவழிக்க இருந்த புத்தாக்கப் பயிற்சி மிச்சம்.

வேலை தருவதாகச் சொன்ன பள்ளியில் இருப்பது டச்சஸ் என்ற வேறு இரட்டை இன்ஜின் மாடல். எந்த மாடலில் ஒரு தகுதிக்குப் பயிற்சி கொடுக்கிறோமோ அதே மாடலில் முதலில் 5 மணி பிஐசி வேண்டும் என்கிறது விதி. எங்கே வேலை செய்யப் போகிறோம் என்று தெரிந்தால் அந்த விமானத்திலேயே எம்இஐ எடுப்பதுதான் உண்மையான சிக்கனம். எனக்கு ஜூன் மாதத்தில் அது தெரிய வழியில்லை. பழைய கூட்டாளிக்கும் டச்சஸ் மணிகள் வேண்டுமாம். திங்கட்கிழமை காலை 7 மணிக்குப் பதிவு செய்திருக்கிறோம், வாடகை வழக்கம்போல் பாதிப் பாதி.