தொண்டைக் கணக்கு

அக்டோபர் 13, திங்கள்

இன்றிலிருந்து பேச்சு இல்லை. இரண்டு வாரம். கிசுகிசுக்கவும் கூடாதாம். பேசுவதைவிட அது மோசமாம்.

அக்டோபர் 14, செவ்வாய்

நேற்று எழுதத் தெம்பில்லாமல் விட்டது. நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்துவைத்துக்கொண்டு, கேமராக் குழாயை உள்ளே விட்டு, "ஈ சொல்லும்மா" என்றார் டாக்டர். நாக்கு அவர் கையில் இருக்கும்போது நான் எதை வைத்து ஈ சொல்வது? வாய்ஸ் கிளாஸில்கூட இப்படி ஒரு கொடுமை இல்லை.

திரையில் பார்த்தேன். வெள்ளையாக இரண்டு நாடா. நடுவில், எதிரும் புதிருமாக, இரண்டு சின்னப் பரு. அவ்வளவுதான். பெண்கள் பேசும்போது அந்த நாடாக்கள் நொடிக்கு 200 தடவைபோல மோதிக்கொள்ளுமாம். கூத்தில் என் வேடமான கோமாளிக் கட்டியக்காரனுக்கு ஆம்பளைக் குரல் வேண்டும் என்று மூன்று மாதமாக அடித்தொண்டையில் கத்திக்கொண்டிருந்தேனே, அது எத்தனை மோதல்! யாரும் எச்சரிக்கவில்லை என்று எழுத ஆசை. எச்சரித்தார்கள். நான்தான் கேட்கவில்லை.

இரவு 9 மணிக்கு அப்பா கூப்பிட்டார். எடுக்கவில்லை.

அக்டோபர் 15, புதன்

அப்பா, மூன்று தடவை. அவருடைய பட்டன் போனுக்கு மெசேஜ் அனுப்பினால் பார்க்கத் தெரியாது.

அக்டோபர் 16, வியாழன்

ரிகர்சலில் என் வசனங்களை வகுப்புத் தோழி கு. படித்தாள். ஸ்கிரிப்டைப் பார்த்துத்தான் படித்தாள். நன்றாக இருந்தது. இந்த வரியை மூன்று முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன்: நன்றாக இருந்தது.

நாங்கள் போடுகிற 'கர்ண மோட்சம்' கூத்தில் எனக்குப் பிடித்ததே கர்ணன் வரும் இடம்தான். இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். மேலே கிரீடம் தெரிகிறது, கீழே சலங்கைக் கால் தெரிகிறது, நடுவில் ஆள் இல்லை. கட்டியக்காரன் அசால்ட்டாகப் போய், யாரப்பா நீ, எந்த ஊரு, எதுக்கு இந்தச் சபைக்கு வந்தே என்று கேட்கிறான். அங்க தேசத்துக்கே ராஜாவாக இருந்தாலும் இந்தக் கோமாளிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்காகத்தான் இந்த வேடத்தைக் கேட்டு வாங்கினேன். இன்று ஓரமாக உட்கார்ந்து கு.வுக்குத் தாளம் தட்டினேன்.

அக்டோபர் 17, வெள்ளி

உப்புத் தண்ணீர் 4. ஆவி 2. பேச்சு 0. (குளியலறைப் பல்லியைப் பார்த்து வந்த "ஆ" கணக்கில் சேராது.)

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

ஊருக்குப் போகவில்லை. ஹாஸ்டலில் ஆறு பேர் மிச்சம். மெஸ்ஸில் ஆளுக்கு இரண்டு குலோப் ஜாமூன்.

அக்காவுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பி, அப்பாவிடம் படித்துக் காட்டச் சொன்னேன். அரை மணி நேரத்தில் அப்பாவின் போன். எடுத்தேன். மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் சொன்னார்: "பேசாத. மைக்க தட்டிப் பார்ப்பமே, அந்த மாரி தட்டு. ஒண்ணு தட்டுனா ஆமாம். ரெண்டு தட்டுனா இல்ல."

சாப்பிட்டியா? டொக். காய்ச்சல் இருக்கா? டொக் டொக். காசு இருக்கா? யோசித்துவிட்டு, டொக்.

முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் மைக் செட் கட்டியவர். வீட்டில் அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. இன்று பதினேழு நிமிடம் பேசினார். ஆம்ப்ளிஃபயரில் வால்யூமை முழுசாகத் திருகினால் சத்தம் கூடாது, ஸ்பீக்கர் கோன்தான் கிழியும் என்றார். "கோன் கிழிஞ்சா புதுசு மாத்திக்கலாம்" என்று சொன்னவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அம்மா அழுதாள். அழுகைக்கு எத்தனை தட்டு என்று நாங்கள் பேசிவைத்துக்கொள்ளவில்லை.

அக்டோபர் 22, புதன்

நாட்டிய சாஸ்திர வகுப்பு. சாத்துவிக பாவங்கள், அதாவது உள்ளே இருக்கும் உணர்ச்சி உடம்பில் தெரிவது, எட்டு: ஸ்தம்பித்து நிற்பது, வியர்வை, மயிர்க்கூச்சு, ஸ்வரபேதம், நடுக்கம், நிறம் மாறுவது, கண்ணீர், பிரளயம் (மயங்கி விழுவது). ஸ்வரபேதம் என்றால் குரல் உடைவது. நடிகர் மனத்தை ஒருமுகப்படுத்தினால்தான் வரும் என்று சார் சொல்லிக்கொண்டிருந்தபோது கு. என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சத்தமில்லாமல் சிரித்து வயிறு வலிக்கிறது.

எழுதும்போது தோன்றுகிறது, கு.வை வெறுப்பது அவ்வளவு சுலபமில்லை. அவள் வசனம் படிக்காத நேரத்தில்.

அக்டோபர் 23, வியாழன்

மழை. கரண்ட் இல்லை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எமன் வேடத்தில் அவர் குரலெடுத்ததைக் கேட்டுக் கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்தது, அதோடு அவர் வேடம் கட்டுவதை விட்டார் என்ற கதையை முதல் வருடம் கேட்டபோது, என்ன குரல்டா அது என்று வாயைப் பிளந்தோம். (கதை உண்மையோ பொய்யோ, நாங்கள் அத்தனை பேரும் ஒரு மாதத்துக்கு எமன்போலக் கத்தித் திரிந்தது உண்மை.) இப்போது எனக்கு அந்தக் கதை வேண்டாம். அதற்குப் பின்னால் நடந்ததுதான் வேண்டும். 1918-இல் மதுரையில் பாலசபை என்ற சிறுவர் நாடகக் கம்பெனி தொடங்கிப் பையன்களுக்குப் பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுக்கிறார். 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே ராத்திரியில் எழுதினாராம். 1921-இல் பக்கவாதம். கை கால் போனது, பேச்சும் போனது. பேச்சு போன பிறகும் கம்பெனியோடுதான் இருந்தார். 1922 நவம்பர் 13, இந்தப் புதுச்சேரியிலேயே இறந்தார்.

பேச்சில்லாத அந்த மாதங்களில் பையன்கள் ராகம் தப்பினால் என்ன செய்திருப்பார்? கண்ணை உருட்டியிருப்பாரா? அசைகிற கையால் தட்டியிருப்பாரா?

பாய்ஸ் கம்பெனிப் பையன்களுக்கு மகரக்கட்டு என்றொரு பயம் இருந்தது. வயதுக்கு வந்து குரல் உடைந்தால் நேற்றுவரை கட்டிய ஸ்திரீபார்ட் (பெண் வேடம்) இன்று கிடையாது. கோஷ்டியோடு கோஷ்டியாகத் தீவட்டி பிடித்து நிற்க வேண்டும். அவர்களுக்காவது வேறொரு குரல் வந்தது.

அக்டோபர் 24, வெள்ளி

கு. இன்று ஸ்கிரிப்டைப் பார்க்காமல் சொன்னாள்.

அக்டோபர் 27, திங்கள்

பரு பாதியாகிவிட்டதாம். முழுசாகப் போகவில்லை. இனி ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் பேசலாம், கத்தக் கூடாது. டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஸ்ட்ராவை விட்டு, "ஊ" என்று ஊதிக் குமிழி விட வேண்டும். சின்ன வயதில் இதற்குத்தான் அடி வாங்கினேன்.

பதினான்கு நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை என்னவாக இருக்க வேண்டும் என்று ஒரு வாரமாக யோசித்துவைத்திருந்தேன். பஸ் கண்டக்டரிடம் "ஒரு டிக்கெட்" என்று முடிந்துவிட்டது.

அக்டோபர் 29, புதன்

கூத்து வாத்தியார் வந்திருக்கிறார், ஆட்ட அடவு சொல்லித்தர. மூன்று நாள் சுற்றும் அடவு மட்டும். சுற்றிச் சுற்றித் தரையும் கூரையும் ஒன்றாகிவிட்டன. என் விஷயத்தை யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். "தொண்ட கட்டாத கூத்தாடி எவன்மா?" என்று சிரித்து, மடியிலிருந்து சித்தரத்தைத் துண்டொன்றை எடுத்துக் கொடுத்தார். காரம் உச்சிக்கு ஏறியது. அவருடைய குரலே ரம்பம் போடுகிற மாதிரிதான் இருக்கிறது. அந்தக் குரலில் அவர் விருத்தம் எடுத்தபோது கொட்டகைக்கு வெளியே படுத்திருந்த நாய் எழுந்து உட்கார்ந்தது.

அவர் தொண்டைக்குள் கேமராவை விட்டால் என்னென்ன தெரியும்?

நவம்பர் 3, திங்கள்

சார் கூப்பிட்டுச் சொன்னார். கட்டியக்காரன் இரண்டு பேராம். கு. பேசுவாள், நான் ஆடுவேன். ஒரே சட்டை, ஒரே தொப்பி. "புதுசா இருக்கும்" என்றார்.

டொக் டொக்.

நவம்பர் 4, செவ்வாய்

ரிகர்சலுக்குப் போகவில்லை. இரக்கப்பட்டுக் கொடுக்கிற வேடம் எனக்கு வேண்டாம். இதைச் சத்தமாக அறைச் சுவரிடம் சொன்னேன். பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம் காலி.

நவம்பர் 5, புதன்

போனேன். கு. ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் சேர்த்து டீ வாங்கிவைத்திருந்தாள், ஆறிப்போயிருந்தது.

நவம்பர் 8, சனி

ஒன்று கண்டுபிடித்தேன். கேள்வி கு.வுடையது, ஆனால் அவள் கேட்பதற்கு முன்னால் நான் சுற்று போட்டு நிற்க வேண்டும். நான் நிற்காமல் அவளால் வாயைத் திறக்க முடியாது. இன்று வேண்டுமென்றே இரண்டு சுற்று அதிகம் போட்டேன். திரைக்குப் பின்னால் கர்ணன் "சீக்கிரம்டி, கிரீடம் கழுத்தை ஒடிக்குது" என்றான். வாத்தியார் மட்டும் சிரித்தார். சார் அந்த இரண்டு சுற்றையும் அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அவரைப் பழிவாங்கப் போட்டது.

நவம்பர் 10, திங்கள்

அப்பா ஷோவுக்கு வருகிறாராம். மைக் உண்டா என்று கேட்டார். இல்லை என்று வாயால் சொல்லியிருக்கலாம், நிமிடம் மிச்சம் இருந்தது. பழக்கதோஷத்தில் இரண்டு தட்டினேன். அவரும் அந்தப் பக்கம் ஒன்று தட்டினார்.

நவம்பர் 12, புதன்

நாளை காலை கருவடிக்குப்பம், சுவாமிகள் சமாதிக்கு. மழை விட்டால் சைக்கிளில், இல்லாவிட்டால் கு.வின் வண்டியில். பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி, திரும்ப அந்த ஈ. மாலையில் முழு ஓட்டம், அரிதாரத்தோடு. ஸ்ட்ரா தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.