மலைக்குளிரும் ஆல்ட்டோ கிளாரினெட்டின் சுருதியும்

கொழும்பில் பழைய வாத்தியங்கள் விற்கும் கடையொன்றில் நான் வாங்கிய ஆல்ட்டோ கிளாரினெட் (சாதாரணக் கிளாரினெட்டைவிட நீளமான, தாழ்ந்த ஒலியுடைய வாத்தியம்), அங்கே ஊதிப் பார்த்தபோது சுருதியை அளக்கும் ட்யூனரின் முள்ளை நடுவிலேயே நிறுத்தியது. அதே வாத்தியம், நுவரெலியாவில் ஒரு தை மாதக் காலைப் பூசையில் ஹார்மோனியத்தோடு சேர்ந்து ஒலித்தபோது, அரைச்சுரத்தில் பாதியளவு இறங்கி நின்றது. சுருதியை ஏற்ற, ஊதுவாயை வாத்தியத்தோடு இணைக்கும் கழுத்துக் குழாயை முழுவதும் உள்ளே தள்ளியும் போதவில்லை.

"தம்பி, மலை ஏறினால் காற்று மெலிந்துபோகும், அதுதான் சுருதி இறங்குது" என்றார் எங்கள் இசைக்குழுவின் மூத்த வாத்தியார். 1868 மீற்றர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பது உண்மையே. ஆனால் ஒலியின் வேகத்தைத் தீர்மானிப்பது காற்றின் வெப்பமே அன்றி, அதன் அழுத்தம் அன்று. வெப்பம் 1 பாகை குறையும்போது ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 0.6 மீற்றர் குறைகிறது; அதனால் குழாயின் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் இறங்குகிறது. அரைச்சுரம் ஒன்றுக்கு 100 சென்ட் என்று வைத்துக்கொண்டால், 30 பாகையில் சரியாக நின்ற வாத்தியம் 12 பாகைக் குளிரில் 50 சென்டுக்கு மேல் இறங்குவதில் வியப்பில்லை. ஹார்மோனியத்தின் உலோக நாக்குகளைக் குளிர் அவ்வளவாக அசைப்பதில்லை என்பதால், இருவருக்கும் இடையிலான பிளவு முழுவதும் என் காதில் விழுந்தது.

ஆகவே நான் செய்த முதல் திருத்தம் எந்தக் கருவியையும் வேண்டாதது. எல்லாத் துளைகளையும் மூடி, தாழ்ந்த சுரங்களை மெதுவாகப் பத்து நிமிடம் ஊதி, குழாயைச் சூடாக்கினேன். ஆல்ட்டோ நீளமானது என்பதால், மூச்சின் சூடு முதலில் மேற்பகுதியைத்தான் எட்டுகிறது. விரிந்த கீழ்முனையான மணிவாய்ப் பக்கம் நெடுநேரம் குளிர்ந்தே கிடக்கும். அதனால் அரைகுறையாகச் சூடான வாத்தியத்தில் மேல்துளைச் சுரங்கள் ஏறியும், கீழ்த்துளைச் சுரங்கள் இறங்கியும் ஒலிக்கும். அந்த நிலையில் ட்யூனரைப் பார்த்து எதையும் திருத்தக் கூடாது. மரத்தாலான வாத்தியம் வைத்திருப்பவர்கள் இன்னும் நிதானமாக ஊத வேண்டும். குளிர்ந்த மரத்தில் சூடான ஈரமூச்சு திடீரென்று பாய்ந்தால் வெடிப்பு விழக்கூடும்.

ட்யூனரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது ஈ பிளாட் வாத்தியம். எழுதப்பட்ட சுரத்திலிருந்து ஒரு பெரிய ஆறாம் இடைவெளி (ஒன்பது அரைச்சுரம்) கீழே ஒலிக்கும். 440 ஹெர்ட்ஸ் ஏ சுரத்தைக் கேட்க வேண்டுமானால், வாசிப்பவர் எஃப் ஷார்ப் ஊத வேண்டும். இதை மறந்து குழம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

குழாய் சூடான பின்னும் சில சுரங்கள் மட்டும் விலகி நின்றன. மேற்கொண்டு செய்தவை அனைத்தும் ஒரு மழை நாளில், மேசை விளக்கின் கீழ் நடந்தன. விசைகளின் அடியில் துளைகளை மூடும் மெத்தைகளான பேட்கள் சரியாக மூடுகின்றனவா என்று பார்க்க, மெல்லிய சிகரெட் தாளை நீளமாக வெட்டி, பேடுக்கும் துளைக்கும் இடையே வைத்து, விசையை இலேசாக மூடி இழுத்தேன். நான்கு பக்கமும் தாள் ஒரே அளவாகப் பிடிக்க வேண்டும். இரண்டு பேட்கள் ஒரு பக்கத்தில் தாளைப் பிடிக்கவே இல்லை; அவற்றை மாற்றியதும் கீழ்ச்சுரங்கள் தெளிந்தன. கசிவு இருக்கும்போது சுருதியைத் திருத்த முயல்வது வீண்வேலை.

அடுத்தது பேடின் உயரம். வலக்கைப் பகுதியில் ஒரு சுரம் இறங்கி, மூக்கடைத்தாற்போல ஒலித்தது. அந்த விசையின் அடியில் ஒட்டியிருந்த கார்க் தடித்திருந்ததால், பேட் துளையை ஒட்டியே நின்றிருந்தது. கார்க்கைச் சற்று மெலிதாக்கியதும் சுரம் எழுந்து வந்தது. மாறாக, மேற்பகுதியின் ஏ சுரம் 15 சென்ட் ஏறியிருந்தது. விசையின் தொடுமுனைக்குக் கீழே மெல்லிய கார்க் ஒட்டி, பேட் திறக்கும் அளவைக் குறைத்தேன். அளவுக்கு மீறிக் குறைத்தால் ஒலி மங்கிவிடும். ஆகவே ட்யூனரோடு காதையும் நம்ப வேண்டும்.

துளைகளை அரத்தால் அகலமாக்குவதை நான் செய்யவில்லை. கிளாரினெட்டில் பெரும்பாலான துளைகள் ஒவ்வொன்றும், பன்னிரண்டாம் இடைவெளியில் (ஒரு ஸ்தாயியும் ஒரு பஞ்சமமும் தள்ளி) உள்ள இரண்டு சுரங்களுக்குப் பொறுப்பு. ஒன்றைத் தூக்கினால் மற்றதும் நகரும், அராவியதை மீட்கவும் முடியாது. இறக்க வேண்டிய சுரத்துக்கு, துளையின் மேல்விளிம்பில் பிறைபோல் வெட்டிய நாடாவை ஒட்டினால் போதும், பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம்.

எங்களுக்குக் கிளாரினெட் என்றாலே ஏ.கே.சி. நடராஜன் அவர்களின் கர்நாடக வாசிப்புத்தான் நினைவுக்கு வரும். சாதாரணக் கிளாரினெட்டில் திறந்த துளைகள் உண்டு. அவற்றின் மேல் விரலைச் சற்றே வழுக்கிச் சுரத்தை வளைக்கலாம். என் ஆல்ட்டோவில் எல்லாத் துளைகளையும் விசைகளே மூடுவதால், அந்த வழி எனக்கில்லை. உதடும் மூச்சும் மட்டுமே மிஞ்சுகின்றன. ஆகவேதான் கார்க்கின் ஒவ்வொரு மில்லிமீற்றரும் இங்கே முக்கியமாகிறது.

கழுத்துக் குழாயை இழுப்பதும் தள்ளுவதும் எல்லாச் சுரங்களையும் சமமாக மாற்றாது. ஒலிக்கும் குழாய் குட்டையாக இருக்கும் மேல்துளைச் சுரங்களில் அதன் விளைவு அதிகம், நீண்ட குழாயில் குறைவு. இப்போது பூசைக்கு முன் குழாயைச் சூடாக்கிய பிறகு, கழுத்தை 2 மில்லிமீற்றர் இழுத்து வைக்கிறேன். மேல்துளைச் சுரங்கள் ஹார்மோனியத்தோடு இணைகின்றன. மேற்பகுதியின் பி பிளாட் சுரத்தை மட்டும் தொடவில்லை. ஒலியை மேல் சுரங்களுக்குத் தாண்டவைக்கும் ரெஜிஸ்டர் விசையின் சிறுதுளையே அதற்கும் வாயில் என்பதால், அது பிறப்பிலேயே சமரசமான சுரம். வலக்கை விரல்கள் சிலவற்றையும் சேர்த்து மூடி, அதன் ஒலியைத் தாங்கிக்கொள்கிறேன்.