இடாப்பில் ராயன்

1981ஆம் ஆண்டு, ஆறாம் வகுப்பின் முதல் நாள் காலையில் எங்கள் வகுப்பாசிரியர் வரவு இடாப்பைத் திறந்து பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தபோது, “ராயன்” என்று இரண்டு தடவை அழைத்தும் ஒருவரும் எழும்பவில்லை. மூன்றாம் தடவை அவர் கண்ணாடியைச் சற்று உயர்த்தி வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்த பிறகுதான், இன்னும் அழைக்கப்படாமல் மிஞ்சியிருப்பவன் நான் ஒருவனே என்பது எனக்கு உறைத்தது. எழுந்து நின்று, “ரய்யான், சேர்” என்றேன். அனுமதிப் படிவத்திலிருந்து பெயர்களைப் பெயர்த்து எழுதியவர் என் பெயரின் நடுவிலிருந்த ஒற்றை விட்டு, குறிலை நெடிலாகவும் நெடிலைக் குறிலாகவும் மாற்றிவிட்டிருந்தார். இந்த மலருக்குப் பள்ளி நினைவு ஒன்றை எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் முதலில் என் மனதில் வந்து நின்றது அந்த இடாப்பின் பக்கந்தான்.

“ராயன் என்றால் அரசன், நல்ல பெயர்தானே?” என்றார் ஆசிரியர். அவர் எங்களுக்குத் தமிழும் கற்பித்தவர். பிறகு, “அப்படியென்றால் ரய்யானுக்கு என்ன பொருள்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நாளைக்குத் தெரிந்துகொண்டு வா என்று இருக்கச் சொன்னார். அன்று இரவு வாப்பாவிடம் கேட்டேன். சொர்க்கத்தின் வாசல்களில் ஒன்றுக்கு அந்தப் பெயர், நோன்பாளிகள் நுழையும் வாசல் அது, என்று அவர் சொன்னார். மறுநாள் அதைப் பெருமையோடு ஒப்புவித்தேன். ஆசிரியர் கேட்டு மகிழ்ந்தார், ஆனால் விட்டுவிடவில்லை. “அது வாசலின் பெயர். வாசலுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது?” என்றார். பெயர்களைப் பற்றி நான் பிற்காலத்தில் தேடிப் படித்தவை அத்தனைக்கும் அந்த இரண்டாவது கேள்வியே வித்து.

இடைவேளையில் அவரே என்னை ஆசிரியர் அறைக்கு அழைத்துச் சென்று மௌலவி ஆசிரியரிடம் ஒப்படைத்தார். மௌலவி ஒரு பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் ரா, வாவ், யா என்ற மூன்று அரபு எழுத்துகளை இடைவெளி விட்டு எழுதினார். இதுதான் வேர், இதன் பொருள் நீரால் தாகம் தணிதல் என்றார். அரபு மொழியில் இத்தகைய வேரைக் குறிப்பிட்ட ஓர் அச்சில் வார்க்கும்போது அந்த நிலை நிறைவாகக் கைவந்தவனைக் குறிக்கும் சொல் பிறக்கும். தாகத்தோடிருப்பவன் அத்ஷான், கோபம் நிறைந்தவன் கள்பான், வயிறு நிறைந்தவன் ஷப்ஆன். நாம் நாள்தோறும் ஓதும் ரஹ்மான் என்ற திருநாமமும் இதே அச்சில் அமைந்ததுதான். அந்த வரிசையில் தாகம் முற்றாகத் தீர்ந்தவன் ரவ்யான் என்றாக வேண்டும். ஆனால் வகர ஒற்றும் யகரமும் அடுத்தடுத்து வரும்போது வகரம் யகரமாகி அதனோடு கலந்துவிடும் என்பது அரபு இலக்கண விதி. அப்படிக் கலந்தே ரய்யான் ஆயிற்று. நடுவில் இரட்டித்து ஒலிக்கும் யகரம் ஓசைக்காக வந்ததன்று, மறைந்துபோன ஓர் எழுத்தின் இருப்பிடம் அது, என்று அவர் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தமிழாசிரியர், “நாங்கள் பசியாறினான் என்கிறோம், வயிறார உண்டான் என்கிறோம். தாகம் ஆறியவனுக்கு அப்படி ஒரே சொல் சட்டென்று நாவில் வருவதில்லை. இவர்களிடம் இருக்கிறது பாருங்கள்,” என்று மௌலவியின் தோளைத் தட்டினார். அன்று இரண்டு மொழிகள் ஒரு மேசையில் எதிரெதிரே அமர்ந்து பேசியதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய அரங்குகளில் இருந்திருக்கிறேன். அந்த மேசையின் நிறைவு எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

சொல்லின் பொருளை அறிந்தது அந்த அறையில் என்றால், அதை உடம்பு அறிந்தது எங்கள் மைதானத்தில். ஒன்பதாம் வகுப்பில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி நோன்பு மாதத்தில் வந்தது. 1500 மீற்றர் ஓடி முடித்து மற்றவர்கள் குழாயடிக்குப் போனார்கள், நானும் பழக்கத்தில் பின்னால் போய் நின்றேன். ஒருவன் குனிந்து கையை ஏந்திக் குடிக்க, தண்ணீர் அவன் முழங்கை வழியே வழிந்து சீமெந்துத் தரையில் விழுந்து, விழுந்த கணத்திலேயே சூட்டில் உறிஞ்சப்பட்டு ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. பசி அன்று எனக்குப் பொருட்டாகவே இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது, எச்சில் விழுங்கவும் இல்லாதிருந்தது. மாலையில் நோன்பு திறந்து முதல் மிடறு தொண்டையில் இறங்கியபோது, அது நெஞ்சுக்கூட்டுக்குள் எந்த வழியாகப் போகிறது என்பதைக்கூட என்னால் உணர முடிந்தது. என் பெயர் அந்த ஒரு மிடறுக்குள் இருந்தது.

பின்னாளில் நபிமொழிகளைப் படித்தபோது, புகாரியின் தொகுப்பில் ஸஹ்ல் இப்னு ஸஃது (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியை நேரில் கண்டேன். சொர்க்கத்தில் ரய்யான் எனப்படும் ஒரு வாசல் உண்டு, மறுமை நாளில் நோன்பாளிகள் அதன் வழியாக நுழைவார்கள், அவர்களைத் தவிர வேறெவரும் நுழையமாட்டார்கள், அவர்கள் நுழைந்ததும் அது அடைக்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். சொர்க்கத்துக்கு எட்டு வாசல்கள் என்று கூறும் மற்றோர் அறிவிப்பிலும் இந்தப் பெயர் வருகிறது. நோன்பு என்றால் பசியும் தாகமும் இரண்டுந்தானே, வாசலுக்கு ஏன் தாகம் தீர்வதன் பெயரை மட்டும் வைத்தார்கள் என்பது நியாயமான கேள்வி. 1449இல் மறைந்த பேரறிஞர் இப்னு ஹஜர் புகாரியின் தொகுப்புக்கு எழுதிய விரிவுரையில் இதற்கான விளக்கத்தை எடுத்துக்காட்டுகிறார். தாகம் தீர்ந்ததைச் சொன்னால் பசி தீர்ந்தது அதில் அடங்கிவிடும், அல்லது நோன்பாளிக்குப் பசியைவிடத் தாகமே கடினம் என்பதால் அப்படிச் சொல்லப்பட்டிருக்கலாம் என்பது அவ்விளக்கம். அந்த வரிகளைப் படித்த இரவில் எங்கள் குழாயடிதான் என் கண்முன் நின்றது.

அதே வேர் வேறு பல சொற்களுக்கும் நீர் பாய்ச்சியிருக்கிறது. நீர்த்தோல்களைச் சுமந்து வரும் ஒட்டகத்தை அரபிகள் ராவியா என்றார்கள். கவிதையையும் செய்தியையும் சுமந்து வந்து தருபவரும் ராவி எனப்பட்டார். நபிமொழி அறிவிப்பாளரை நாம் ராவி என்பதும், அவர் அறிவிப்பை ரிவாயத் என்பதும் அதனால்தான். இன்றைய அரபியில் நாவலுக்கும் ரிவாயா என்றே பெயர். ஹஜ் கடமை நடைபெறும் துல்ஹஜ் மாதத்தின் 8ஆம் நாளைத் தர்வியா நாள் என்பார்கள். மக்காவை அடுத்து, அக்காலத்தில் நீர் கிடைக்காதிருந்த மினாவுக்கும் அரஃபாவுக்கும் புறப்படுமுன் ஹாஜிகள் அன்று தண்ணீர் சேர்த்துக்கொண்டதால் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள்.

ஆசிரியரின் ‘ராயன்’ முழுக்கவும் வழிதவறிப் போய்விடவில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். யூசுஃப் நபியின் காலத்தில் எகிப்தை ஆண்டவனாகக் குர்ஆன் ‘அரசன்’ என்று மட்டும் குறிப்பிடும் மன்னனுக்கு, தபரி போன்ற பழைய வரலாற்றாசிரியர்கள் தரும் பெயர் ரய்யான் இப்னு வலீத் என்பதாகும். ஏழு கொழுத்த பசுக்களை ஏழு மெலிந்த பசுக்கள் தின்னக் கனவு கண்டவன், வறட்சி வருமுன் தானியம் சேர்க்க இடம் கொடுத்தவன். வறட்சிக் கதையின் அரசனுக்குத் தாகம் தீர்ந்தவன் என்ற பெயர் வாய்த்திருப்பதை நான் எண்ணி எண்ணி வியந்திருக்கிறேன். ஆசிரியர் இருந்த காலத்தில் இதை அறிந்து அவரிடம் சொல்ல எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

நான் படித்த காலத்தில் எங்கள் பள்ளி முழுவதிலும் இந்தப் பெயருடையவன் நான் ஒருவனே. இன்று நிலைமை முற்றாக மாறிவிட்டது. பிரான்சிலும் பிரசெல்சிலும் இந்த நூற்றாண்டில் ஆண்பிள்ளைகளுக்கு அதிகம் வைக்கப்பட்ட பெயர்களுள் ரயான் ஒன்று. மலேசியாவில் முஹம்மது ரய்யான் என்று இணைத்து வைப்பது மிகப் பரவலாகக் காணப்படுகிறது. துருக்கியில் இதே சொல் ரெய்யான் என்ற ஒலியோடு பெண்பிள்ளைகளின் பெயராகிவிட்டது. ஆனால் அரபு இலக்கணப்படி இதன் பெண்பால் ரய்யா ஆகும். 2022 உலகக் கிண்ணக் கால்பந்தாட்டத்தின்போது, போட்டிகள் நடந்த இடங்களுள் ஒன்றாகக் கத்தாரின் அல் ரய்யான் நகரின் பெயரும் உலகமெங்கும் ஒலித்தது.

இந்தப் பரவலுக்கு என் கண்ணில் படும் காரணம் எளிமையானது. புலம்பெயர்ந்த பெற்றோர், வீட்டில் பொருளுள்ளதாகவும் வெளியில் நாவுக்கு இடறாததாகவும் ஒரு பெயரைத் தேடுகிறார்கள். அயர்லாந்தின் குடும்பப் பெயராகத் தொடங்கிப் பிறகு முதற்பெயராகப் பரவிய ரயன் அவர்களுக்கு வழியைத் திறந்து வைத்திருந்தது. அந்தப் பெயருக்குச் ‘சின்ன அரசன்’ என்று பொருள் சொல்கிறார்கள். இரண்டுக்கும் உறவு எதுவுமில்லை, ஒலி மட்டுமே ஒத்துப்போகிறது. பெற்றோரின் இந்தத் தேர்வை நான் குறை கூறமாட்டேன். அந்நிய மண்ணில் பிள்ளையின் பெயர் நாள்தோறும் உடைபடாமல் இருக்க வேண்டும் என்ற கவலை, இடாப்பில் பெயர் உடைந்தவனுக்கு நன்றாகவே புரியும். ஆனால் பொருள் கேட்டால் எல்லாரும் ‘சொர்க்கத்தின் வாசல்’ என்று சொல்லி அத்தோடு நிறுத்திவிடுவதுதான் எனக்கு மனத்தாங்கல். வாசல் அச்சொல்லால் பெயர் பெற்றது, சொல்லின் பொருள் தண்ணீரில் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் வாசல் வெறும் கதவாகிவிடுகிறது.

கடந்த ஆண்டுச் சங்க ஒன்றுகூடலில் உறுப்பினர் ஒருவரின் மகன், ஏழு வயதிருக்கும், பெயர் எழுதிய அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான். அட்டையில் யகரம் ஒன்றுதான் இருந்தது. உன் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டேன். “சொர்க்கத்தின் வாசல்,” என்றான் உடனே. வாசலுக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். சிறிது நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த ஒன்றுகூடலுக்குத் தெரிந்துகொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.